உங்களுக்குத் தெரியுமா? – ஒழுங்கை பெட்மின்டனிலிருந்து ஒலிம்பிக் வரை

2012 லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில் இலங்கைக் கொடியை ஏந்தி முன்னால் நடந்தவர் ஒரு பெட்மின்டன் வீரர்: நிலூக்க கருணாரத்ன. அடுத்து வெம்பிளி அரங்கில் றக்கெட்டோடு இறங்கியவர், ஜப்பானின் கெனிச்சி டாகோவை நேர் செட்களில் தோற்கடித்தார். டாகோ சாமானியர் அல்லர். 2010 இல் ஒல் இங்கிலாந்து இறுதியாட்டம் வரை போனவர். 16 பேர் சுற்றில் நிலூக்கவுக்கு எதிரே நின்றவர் இந்தியாவின் பாருபள்ளி காஷ்யப். 21–14, 15–21, 21–9 என்று ஆட்டம் காஷ்யப்பின் பக்கம் போனது. இந்திய ஆண் வீரர் ஒருவர் ஒலிம்பிக் பெட்மின்டனில் கால் இறுதியைத் தொட்டது அதுவே முதல் தடவை. அந்தக் கால் இறுதிக்கும் ஓர் இலங்கையருக்கும் நடுவில் நின்றது மூன்றாவது செட் மட்டுமே. இதை நமது பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததாகத் தெரியவில்லை. கிரிக்கெட்டில் இப்படி நடந்திருந்தால் பாடப்புத்தகத்திலேயே வந்திருக்கும்.

அதே லண்டனில் பெண்கள் ஒற்றையரில் ஆடியவர் திலினி ஜயசிங்க. நிலூக்க அதன் பிறகு ரியோவுக்கும் டோக்கியோவுக்கும் போனார். அவருக்குப் பயிற்சி கொடுத்தவர் தந்தை லூயிஸ் கருணாரத்ன. தம்பி தினூக்கவும் இலங்கைக்காக ஆடியவர். 2024 பரிஸில் நமது வீரர் விரேன் நெத்தசிங்க.

ஒலிம்பிக்குக்கு யார் போகலாம்?

நாடு விரும்பியவரையெல்லாம் அனுப்ப முடியாது. பரிஸ் 2024 ஐயே எடுத்துக்கொள்வோம். 2023 மே 1 முதல் 2024 ஏப்ரல் 28 வரை ஆடிய ஆட்டங்களின் புள்ளிகளைக் கூட்டி, உலக பெட்மின்டன் சம்மேளனம் ஒரு பட்டியல் போட்டது. அந்தப் பட்டியலில் மேலிருந்து கீழாக இடங்கள் நிரம்பின. ஒற்றையரில் ஒரு நாட்டுக்கு ஓர் இடம். முதல் 16 பேருக்குள் அந்த நாட்டவர் இருவர் இருந்தால் மட்டும் இரண்டு. இரட்டையரில் முதல் 8 சோடிகளுக்குள் இரண்டு சோடி இருந்தால் இரண்டு சோடி. இவற்றுக்கு அப்பால், ஒவ்வொரு கண்டத்துக்கும் ஓர் இடம் உறுதி. சிறிய நாடுகளுக்கென்று சில அழைப்பு இடங்களும் உண்டு.

இந்த வரம்புதான் நமக்குக் கதவு. சீனாவிலோ டென்மார்க்கிலோ மூன்றாமவராக இருப்பவர் உலகின் முதல் 20 பேருக்குள் நின்றாலும் வீட்டில் இருந்துதான் ஒலிம்பிக் பார்க்க வேண்டும். அப்படி அவர்கள் விட்டுப் போகும் இடங்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கி வருகின்றன. அதனால் தரவரிசையில் ஐம்பது, அறுபதுக்குப் பின்னால் நிற்பவருக்கும் ஒலிம்பிக் எட்டாத தூரமில்லை.

டோக்கியோ ஒலிம்பிக்கில் குவாத்தமாலா வீரர் கெவின் கோர்டோன் இறங்கியபோது அவரது உலகத் தரவரிசை 59. வயது 34. பயிற்றுவிப்பாளர் ஓர் இந்தோனேசியர். ஒவ்வொரு சுற்றாகக் கடந்து அரை இறுதி வரை வந்து, வெண்கலத்துக்கான ஆட்டத்தில் இந்தோனேசியாவின் அந்தோனி கின்டிங்கிடம் தோற்றார். பெட்மின்டன் பேசும் நாடுகளின் வரிசையில் குவாத்தமாலாவை அதற்கு முன் யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

12,000 க்கும் 1,700 க்கும் இடையில்

உலகத் தரவரிசை ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் வெளிவருகிறது. கடந்த 52 வாரங்களில் ஒருவர் ஆடிய போட்டிகளில் மிக நல்ல 10 முடிவுகள் மட்டும் கணக்கில் சேரும். இருபது போட்டி ஆடினாலும் பத்துத்தான். மீதி பத்துக்குச் செலவழித்த பணம் புள்ளியாகத் திரும்பி வராது. போட்டிகளுக்கும் படிநிலை இருக்கிறது. சம்பியனுக்குக் கிடைக்கும் புள்ளிகளைப் பாருங்கள்: சுப்பர் 1000 போட்டியில் 12,000, சுப்பர் 500 இல் 9,200, சுப்பர் 300 இல் 7,000, இன்டர்நேஷனல் சலஞ்சில் 4,000, இன்டர்நேஷனல் சீரிஸில் 2,500, ஃபியூச்சர் சீரிஸில் 1,700.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால்தான் இந்த விளையாட்டின் மேடு பள்ளம் புரியும். சுப்பர் 1000 போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்று வெளியேறுபவருக்கு 3,000 புள்ளி. இன்டர்நேஷனல் சீரிஸில் எல்லோரையும் வென்று கிண்ணம் தூக்குபவருக்கு 2,500. ஒரு ஆட்டமும் வெல்லாதவர், ஒரு ஆட்டமும் தோற்காதவரைவிடக் கூடுதல் புள்ளியோடு வீடு திரும்புகிறார். மலேசியா, ஒல் இங்கிலாந்து, இந்தோனேசியா, சீனா ஆகிய நான்கு சுப்பர் 1000 போட்டிகளிலும் ஒற்றையரில் 32 பேருக்கே இடம். மேலே இருப்பவருக்கு மேலேயே இருப்பது சுலபம். கீழேயிருந்து ஏறுபவருக்கு ஒவ்வொரு படியும் உயரம். பெரிய போட்டிகளின் தரம் குறையக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு என்பது விளங்குகிறது. ஆனாலும் இந்த இடைவெளி தேவைக்கு மேல் அகலமானது என்பதே எனது எண்ணம்.

மேலே உள்ளவர்களுக்கு வேறு விதமான கட்டாயம். ஒற்றையரில் முதல் 15 இடத்திலும் இரட்டையரில் முதல் 10 இடத்திலும் நிற்பவர்கள் எல்லா சுப்பர் 1000, சுப்பர் 750 போட்டிகளுக்கும் வந்தே ஆக வேண்டும். தகுந்த காரணமில்லாமல் வராவிட்டால் அபராதம்.

நமது வாசலிலேயே ஒரு படி

இலங்கை இன்டர்நேஷனல் என்ற பெயரில் நமது நாட்டிலேயே உலகத் தரவரிசைப் புள்ளி தரும் போட்டி நடக்கிறது. இதன் பெறுமதியை நாம் சரியாக உணரவில்லை என்று எனக்குப் படுகிறது. ஐரோப்பாவில் ஒரு சிறிய போட்டிக்குப் போவதென்றால் விமானச் சீட்டு, விசா, விடுதி, சாப்பாடு, கூடவே பயிற்றுவிப்பாளரின் செலவு. டொலர் விலை ஏறியபின் எத்தனை பெற்றோர் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கொப்பியை மூடியிருப்பார்கள்! அதே புள்ளி கொழும்பில் கிடைத்தால் வெள்ளவத்தைப் பிள்ளைக்கு பஸ் காசு போதும். நமது பிள்ளைகள் பலர் முதன்முதலில் வெளிநாட்டுக்காரரை எதிர்த்து ஆடுவதும் இப்படியான போட்டியில்தான். அரங்குகளைத் தேடிப் போய்ப் பார்க்க வேண்டியது கிரிக்கெட் மட்டும் இல்லை. இந்தப் போட்டிக்கு நாலு பேர் போய் உட்கார்ந்து கை தட்டினால் ஆடுகிற பிள்ளைக்கு அது எவ்வளவோ.

கொட்டாஞ்சேனைக்காரருக்கு இன்னும் வசதி. கொழும்பின் மேயராகவும் விளையாட்டுத்துறை அமைச்சராகவும் இருந்த வீ.ஏ. சுகததாசவின் பெயரைத் தாங்கிய உள்ளக அரங்கு அவர்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வெள்ளவத்தையில் இருப்பவர்கள் 155 ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால், ஊர் சுற்றியாவது கொட்டாஞ்சேனைப் பக்கம் கொண்டுபோய் இறக்கிவிடும்.

ஒழுங்கையில் கற்பதும் கற்காததும்

ஒரு கோர்ட்டின் நீளம் 13.40 மீற்றர். இரட்டையருக்கு அகலம் 6.10 மீற்றர், ஒற்றையருக்கு 5.18. நெட்டின் உயரம் கம்பத்தடியில் 1.55 மீற்றர், நடுவில் சற்றுத் தொய்ந்து 1.524. காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் வெள்ளவத்தை ஒழுங்கைகளில் ஒற்றையர் அகலம் கூடச் சரியாகக் கிடைப்பதில்லை. ஒரு பக்கம் மதில், மறுபக்கம் நிறுத்தி வைத்த வாகனம். பின்னேரம் கடற்காற்று எழும்பினால் உயர அடித்த ஷட்டில் யார் வீட்டு பல்கனியில் போய் விழும் என்று சொல்ல முடியாது. அதனால் பிள்ளைகள் தாங்களாகவே ஷட்டிலைத் தாழ்வாக, வேகமாக, நெட்டுக்குச் சற்று மேலாக அடிக்கப் பழகிவிடுகிறார்கள். கை வேகம் வருகிறது, கண் கூர்மை வருகிறது. இரண்டும் இரட்டையருக்கு நல்ல அத்திவாரம். ஆனால் பின் கோட்டிலிருந்து எதிர்ப்பக்கப் பின் கோட்டுக்கு உயரத் தூக்கி அடிக்கும் அடி ஒழுங்கையில் வராது. ஒற்றையர் ஆட்டத்தின் உயிரே அந்த அடியில்தான் இருக்கிறது. கூரையுள்ள கோர்ட்டில், காற்றில்லாத இடத்தில், நூற்றுக்கணக்கில் அடித்துத்தான் அதைப் பிடிக்க வேண்டும். பிள்ளைக்கு ஆர்வமிருக்கிறது என்று தெரிந்தால் உள்ளக கோர்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவதை ஓ/எல் முடியட்டும் என்று தள்ளிப் போடாதீர்கள்.

உள்ளக அரங்கில் மின்விசிறி போடமாட்டார்கள், கதவையும் சாத்தி வைப்பார்கள். ஐந்து கிராம் எடை கொண்ட ஷட்டிலைச் சின்னக் காற்றுக்கூட இழுத்துக்கொண்டு போய்விடும். கொழும்பு வெக்கையில் ஒரு மணி நேரம் ஆடிய பிள்ளையின் சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் வடியும்.

16 இறகு

போட்டிக்குரிய ஷட்டிலில் 16 இறகுகள் இருக்கும்; எடை 4.74 முதல் 5.50 கிராம் வரை. பெரிய போட்டிகளில் ஆட்டத்துக்கு முன் அதைச் சோதிப்பார்கள். ஒருவர் பின் கோட்டில் நின்று கீழிருந்து மேலாக முழுப் பலத்தோடு அடிக்க வேண்டும். ஷட்டில் எதிர்ப்பக்கப் பின் கோட்டுக்கு 530 மில்லிமீற்றருக்குக் குறையாமலும் 990 மில்லிமீற்றருக்குக் கூடாமலும் உள்ளே விழுந்தால் அது சரியான வேகம். சூடான காற்று அடர்த்தி குறைந்தது. அதில் ஷட்டில் வேகமாகப் பறக்கும். அதனால் கொழும்பு மாதிரி வெப்பமான ஊருக்கு மெதுவாகப் பறக்கும் வகை ஷட்டிலைத் தெரிந்தெடுப்பார்கள். இறகு காய்ந்து விட்டால் சீக்கிரம் முறியும். அதற்காகக் கொதிக்கும் கேத்திலின் ஆவியை ஷட்டில் குழாய்க்குள் சற்றுக் காட்டி எடுக்கும் பழக்கம் பல ஆட்டக்காரரிடம் உண்டு. ஒரே ஆட்டத்தில் பல ஷட்டில்கள் தீர்ந்துபோகும் என்பதால், பயிற்சியில் மிகப் பெரிய செலவே இதுதான். பிளாஸ்டிக் ஷட்டிலில் பழகிய பிள்ளைக்கு இறகு ஷட்டில் கைக்குப் பிடிபட நாளாகும்.

மனிதர் அடித்த மிக வேகமான ஸ்மாஷ் என்று பதிவாகியிருப்பது மணிக்கு 565 கிலோமீற்றர். 2023 ஏப்ரலில் ஜப்பானில் அதற்கென்றே நடந்த சோதனையில் அடித்தவர் இந்தியாவின் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி.

சோடி மாறினால் பூச்சியம்

இரட்டையரில் தரவரிசைப் புள்ளி ஆளுக்கு அல்ல, சோடிக்கு. இரண்டு வருடம் சேர்ந்து ஆடிப் புள்ளி சேர்த்தவர்கள் பிரிந்தால், புதிய சோடி அடியிலிருந்து தொடங்க வேண்டும். கோபத்தில் சோடியைப் பிரிக்கும் முன் இதை யோசிக்க வேண்டும் என்று பயிற்றுவிப்பாளர்கள் சொல்வது இதனால்தான்.

லண்டன் 2012 இல் இரட்டையருக்கு இன்னொரு கதையும் உண்டு. குழுச் சுற்றில் தோற்றால் அடுத்த சுற்றில் சுலபமான எதிரி கிடைப்பார் என்று கணக்குப் போட்டு, பெண்கள் இரட்டையரில் நான்கு சோடிகள் வேண்டுமென்றே நெட்டில் அடித்தன. கோட்டுக்கு வெளியே அடித்தன. சீனாவிலிருந்து ஒன்று, தென் கொரியாவிலிருந்து இரண்டு, இந்தோனேசியாவிலிருந்து ஒன்று. பணம் கொடுத்து வந்த பார்வையாளர்கள் கூக்குரலிட்டார்கள். எட்டுப் பேரும் ஒலிம்பிக்கிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். அதற்குப் பின் விதி மாறியது: குழுவில் இரண்டாவதாக வரும் சோடி யாரைச் சந்திக்கும் என்பதைக் குழுச் சுற்று முடிந்த பிறகே குலுக்கல் போட்டுத் தீர்மானிக்கிறார்கள்.

கோலாலம்பூரில் ஒரு தமிழர்

உலகச் சம்மேளனம் 1934 இல் 9 நாடுகளோடு தொடங்கியது. டென்மார்க், பிரான்ஸ், கனடா, நியூசிலாந்து உட்பட்ட அந்த ஒன்பதில் ஆசிய நாடு ஒன்றுகூட இல்லை. ஆனால் ஆண்கள் அணிகளுக்கான தோமஸ் கிண்ணம் முதன்முதலாக நடந்தபோது, 1949 இல் அதை வென்றது மலாயா. இறுதியில் டென்மார்க்கை 8–1 என்று வீழ்த்தியது. 2005 இல் சம்மேளனத்தின் தலைமையகமே இங்கிலாந்திலிருந்து கோலாலம்பூருக்கு வந்துவிட்டது. அந்த மாற்றத்தில் முன்னின்றவர்களில் ஒருவர் மலேசியத் தமிழரான பஞ்ச் குணாளன். சம்மேளனத்தின் துணைத் தலைவராக இருந்தவர். ஆட்டக்காரராக 1971 இல் இங் பூன் பீயோடு சேர்ந்து ஒல் இங்கிலாந்து இரட்டையர் பட்டம் வென்றார். 1974 பொதுநலவாய விளையாட்டு விழாவில் ஒற்றையர் தங்கமும் அவருக்கே. எந்தப் பக்கம் சேர்வ் போட்டாலும் புள்ளி எடுக்கலாம், 21 எடுத்தால் செட் என்ற முறை 2006 இல் நடைமுறைக்கு வந்ததிலும் அவருக்குப் பங்குண்டு. 2012 இல் காலமானார். கிரிக்கெட் வீரர்களின் ஓட்டக் கணக்கை ஒப்புவிக்கும் நமது வீடுகளில் இவர் பெயர் தெரிந்தவர்கள் மிகக் குறைவு.

இன்றைய மலேசிய அணியில் தீனா முரளிதரன் இருக்கிறார். முரளிதரன் என்றதும் நமக்குச் சுழற்பந்துதான் நினைவுக்கு வரும். இவர் பெண்கள் இரட்டையர். பெர்லி டானோடு சேர்ந்து 2022 பொதுநலவாயத் தங்கம், பரிஸ் ஒலிம்பிக்கில் நான்காம் இடம், 2025 உலக சம்பியன்ஷிப்பில் வெள்ளி.

பாக்கு நீரிணைக்கு அப்பாலும் பாருங்கள். சென்னையைச் சேர்ந்த சங்கர் முத்துசாமி 2022 இல் ஸ்பெயினில் நடந்த உலக கனிஷ்ட சம்பியன்ஷிப்பில் வெள்ளி வென்றார். 2024 பரிஸ் பராலிம்பிக்கில் தமிழ்நாட்டுப் பெண்கள் மூவர் பெட்மின்டன் பதக்கத்தோடு திரும்பினார்கள்: துளசிமதி முருகேசனுக்கு வெள்ளி, மனிஷா ராமதாஸுக்கும் நித்யஸ்ரீ சிவனுக்கும் வெண்கலம். துளசிமதியும் மனிஷாவும் ஒரே பிரிவில், ஒரே மேடையில் நின்றார்கள்.

இன்னும் சில

உலக சம்பியன்ஷிப் முதன்முதலில் நடந்தது 1977 இல், சுவீடனின் மால்மோவில். இப்போது ஒலிம்பிக் வராத ஆண்டுகளில் எல்லாம் நடக்கிறது. ஆண்கள் ஒற்றையரில் 64 பேர். ஒரு நாட்டுக்கு ஆகக் கூடியது நால்வர்.

பெட்மின்டன் ஒலிம்பிக்கில் பதக்க விளையாட்டானது 1992 பார்சிலோனாவில். கலப்பு இரட்டையர் அதற்கு அடுத்த ஒலிம்பிக்கில் சேர்ந்தது.

1966 முதல் பொதுநலவாய விளையாட்டு விழாவில் இருந்துவந்த பெட்மின்டனுக்கு, 2026 கிளாஸ்கோ விழாவின் சுருக்கப்பட்ட பட்டியலில் இடம் கொடுக்கப்படவில்லை. இலங்கை மாதிரி நாடுகளுக்கு இது பெரிய இழப்பு. சீனா, இந்தோனேசியா, ஜப்பான், கொரியா, டென்மார்க் எதுவும் இல்லாத ஒரு பெரிய மேடை அது; நமது வீரர்கள் கால் இறுதி, அரை இறுதி என்று கனவு காணக்கூடிய இடம்.

ஆண்டு முடிவில் நடக்கும் உலகச் சுற்று இறுதிப் போட்டிக்கு ஒவ்வொரு பிரிவிலும் எட்டுப் பேர் அல்லது எட்டுச் சோடி மட்டுமே. அங்கேயும் ஒரு நாட்டுக்கு இரண்டு இடம்தான்.

பெற்றோருக்கு

சர்வதேசப் போட்டிக்கு வீரரோ பெற்றோரோ நேரடியாகப் பெயர் கொடுக்க முடியாது. தேசிய சங்கம்தான் பெயரை அனுப்ப வேண்டும். ஆகவே பாதை வீட்டுக்குக் கிட்டத்தான் தொடங்குகிறது: பாடசாலை அணி, வயதுப் பிரிவுப் போட்டிகள், தேசிய சம்பியன்ஷிப். எந்த வயதுப் பிரிவில் பெயர் பதியப்பட்டிருக்கிறது, எந்தப் போட்டிக்கு எப்போது விண்ணப்ப முடிவு என்பதைப் பயிற்றுவிப்பாளரிடம் வருடத் தொடக்கத்திலேயே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு விண்ணப்பத் திகதி தவறினால் ஒரு வருடம் தவறியது மாதிரித்தான். 19 வயதுக்குட்பட்டோருக்கான உலக கனிஷ்ட போட்டியைக் குறிவைக்கும் பிள்ளைக்கு வருடங்கள் அதிகம் இல்லை.

பெயர் அனுப்பினால் மட்டும் இடம் உறுதியாகாது. உதாரணமாக 32 பேர் ஆடும் சுப்பர் 300 போட்டியின் ஒற்றையர் பிரிவில் 28 பேர் தரவரிசைப்படி நேராக உள்ளே போவார்கள். மீதி நாலு இடத்துக்குத் தகுதிகாண் சுற்று. அதிலும் இடம் கிடைக்காதவர்கள் ரிசர்வ் பட்டியலில் காத்திருப்பார்கள். மேலே ஒருவர் காயத்தால் விலகினால் பட்டியலில் முதலில் நிற்பவர் உள்ளே வருவார். அந்தச் செய்தி பெரும்பாலும் கடைசி நேரத்தில்தான் வரும். அந்த நேரத்தில் விசா எடுக்க ஓட முடியாது. பிள்ளையின் பாஸ்போட் காலாவதியாக ஆறு மாதத்துக்குக் குறைவாக இருந்தால் பல நாடுகள் உள்ளே விடாது. இந்த வாரமே அலுமாரியைத் திறந்து திகதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.